21 வயது லெஃப்ட் பேக்: வேலையை விடலாமா?

தம்பி, பகலில் வயரிங் வேலை, மாலையில் கால்பந்தில் லெஃப்ட் பேக் (இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்), 21 வயதாகியும் பெரிய கிளப் எதுவும் கூப்பிடவில்லை, வேலையை விட்டுவிட்டுப் பந்தே கதி என்று இறங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடாதீர்கள்.

இங்கிலாந்தின் ஸ்டூவர்ட் பியர்ஸும் எலக்ட்ரீஷியன்தான், லெஃப்ட் பேக்தான். வீல்ட்ஸ்டோன் என்ற சின்ன கிளப்புக்கு ஆடிக்கொண்டே தொழிலையும் பார்த்தார். 1983இல் கவென்ட்ரி சிட்டி அவரை எடுத்தபோது அவருக்கும் 21 வயது. 1985இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கிளப். அப்போது அவர் முதல் டிவிஷன், அதாவது அன்றைய இங்கிலாந்தின் உச்ச லீக் ஆட்டக்காரர். அப்படியும் கிளப்பின் ஆட்டநாள் கையேட்டில் எலக்ட்ரீஷியன் வேலை செய்து தருவதாக விளம்பரம் கொடுத்தார்! கால் போனால் கையாவது இருக்கட்டும் என்ற கணக்கு.

அப்புறம் நடந்தது ஊரறிந்தது. ஃபாரஸ்டில் 12 வருடம், இங்கிலாந்துக்கு 78 ஆட்டம். 1990 உலகக் கோப்பை அரையிறுதியில் அவர் அடித்த பெனால்டியை மேற்கு ஜெர்மனி கீப்பர் காலால் தடுத்துவிட்டார். 1996 யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) ஸ்பெயினுடன் ஷூட்அவுட் (பெனால்டிகளால் வெற்றியை முடிவு செய்வது) வந்தபோது மறுபடியும் போய் நின்றார், அடித்தார். கழுத்து நரம்பு புடைக்க அவர் கத்திய வீடியோவைத் தேடிப் பாருங்கள்.

எல்லாருக்கும் இப்படி அமையாது என்பதும் உண்மை. அதனால் முதலில் லைசென்ஸ் பரீட்சையை முடியுங்கள். ட்ரயல் (கிளப் ஆள் எடுக்க வைக்கும் தேர்வு) நாளுக்கு மட்டும் லீவு போடுங்கள். பணம் கட்டச் சொல்லும் ட்ரயல் பக்கமே போகாதீர்கள். கையெழுத்தான ஒப்பந்தம் கைக்கு வரட்டும், வேலையை விடுவதை அப்போது யோசிக்கலாம்.