கடலோரக் கோட்டையில் ஓவியம் தாங்குமா?

கேள்வி: சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் பெரிய பெரிய எண்ணெய் ஓவியங்களைப் பார்த்தோம். கடல் பக்கத்திலேயே இருந்தும் எப்படித் தாங்குகின்றன? எங்கள் வீட்டுத் தஞ்சாவூர்ப் படமே பூஞ்சணம் பிடிக்கிறதே!
- வாசகி, காங்கேயம்

பதில்: அந்தக் கட்டடம் 1795-இல் முடிந்தது, அருங்காட்சியகமானது 1948-இல். உப்புக் காற்றுதான் இத்தகைய கட்டடங்களுக்கு எதிரி. சுவரிலுள்ள ஈரம் ஆவியாகும்போது உப்பு காரைக்குள் படிகமாகிப் பூச்சைத் தள்ளும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்தாலும் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

ஓவியத்துக்கு ஈரப்பதம் 50 சதவீதத்தையொட்டி நிலையாக இருக்க வேண்டும். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்றால் துணி சுருங்கி விரிந்து வண்ணம் வெடிக்கும். வெளிச்சம் எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), நீர்வண்ணத்துக்கு 50, அதற்கு மேல் கூடாது.

உங்கள் படம் குளியலறையை ஒட்டிய சுவரிலா இருக்கிறது? முதலில் இடத்தை மாற்றுங்கள். உப்புப் போர்த் தண்ணீரில் குழைத்த பூச்சென்றால் காங்கேயத்திலும் சுவர் பொரியும். சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கை ஒட்டி, ஓர் அங்குலம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். ஈரத் துணியால் துடைக்கவே துடைக்காதீர்கள். தஞ்சாவூர்ப் படத்தில் வண்ணத்துக்கு அடியிலிருப்பது சுண்ணப்பொடியும் பசையும், கரைந்துவிடும்.