கழுத்து ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தாச்சு, அம்மாவுக்கு சாப்பாடு இறங்கல, என்ன பண்றது?

கேள்வி: எங்களுக்கு குடியாத்தம் பக்கம். அம்மாவுக்கு 52 வயசு, கல்யாணத்துக்கு முன்னாடியில இருந்தே பீடி சுத்துறாங்க. கழுத்து டிஸ்க் நரம்ப அழுத்துதுன்னு வேலூர்ல முன்பக்கமா ஆபரேஷன் பண்ணி, டிஸ்க்க எடுத்துட்டு பிளேட் வெச்சிருக்காங்க. நேத்து டிஸ்சார்ஜ். கை வலி போயிடுச்சுன்றாங்க, ஆனா சாப்பாடு இறங்கல, குரல் கம்மிப் போச்சு, ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல வலிக்குதுன்னு அழுவுறாங்க. ஆபரேஷன் சரியா நடக்கலையோன்னு பயமா இருக்கு. குளிக்க வெக்கலாமா? பீடி எப்ப சுத்தலாம்?

பதில்: தம்பி, நீங்க சொன்ன மூணுமே இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நிறைய பேருக்கு வர்றதுதான். ஒரு பிசியோதெரபிஸ்டா நான் முதல்ல சொல்றது, இந்த நாலஞ்சு நாளைக்கு கழுத்த விட தொண்டைய கவனிங்க. ஏன்னா முன்பக்கமா போகும்போது உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒரு ஓரமா ஒதுக்கிப் பிடிச்சுக்கிட்டுதான் எலும்பு கிட்ட போவாங்க, அதனால உள்ள வீங்கும், ரெண்டாவது மூணாவது நாள் அது இன்னும் கொஞ்சம் கூடலாம், அப்புறம் தானா வடியும். குரலும் அப்படித்தான், குரலுக்கு போற நரம்பு பக்கத்துலயே இருக்கு, பெரும்பாலும் சில வாரத்துல சரியாயிடும். பாக்க வர்ற சொந்தக்காரங்க அம்மாவ ரொம்ப பேச வெக்காம பாத்துக்கோங்க.

சாப்பாட்ட நிமிர்ந்து உக்காந்துதான் சாப்பிடணும், படுத்துக்கிட்டு வேணாம், சாப்பிட்டு அரைமணி நேரம் உக்காந்தே இருக்கணும். கேழ்வரகு கூழ், கஞ்சி, குழைய வெச்ச ரசம் சாதம், பால்ல ஊற வெச்ச இட்லி, அவிச்ச முட்டைய மசிச்சு, இப்படி வழவழன்னு இறங்குறதா குடுங்க. கூழ் சரி, ஆனா களி இப்ப வேணாம், தொண்டையில ஒட்டிக்கும். பிரியாணி, சப்பாத்தி, பொரிச்ச கறி எல்லாம் முழுங்குறது சுலபமாகுற வரைக்கும் தள்ளி வைங்க. ஒவ்வொரு வாட்டி தண்ணி குடிக்கும்போதும் புரை ஏறி இருமுனாங்கன்னா அத சாதாரணமா விடாம டாக்டர் கிட்ட போன்ல சொல்லிடுங்க.

இப்ப சொல்றது எதுவும் நாளைக்கு பாத்துக்கலாம்னு விடக்கூடாதது. கழுத்து முன்பக்கம் திடீர்னு உப்பி இறுகுனா, மூச்சு விட கஷ்டப்பட்டா, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தா, எச்சில் கூட முழுங்க முடியாம வழிஞ்சா உடனே 108. ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரிக்கே போகணும்னு வேலூர் வரைக்கும் கார் தேடிட்டு இருக்காதீங்க, பக்கத்துல இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்கு முதல்ல போங்க, ரத்தம் உள்ள கட்டி மூச்சுக்குழாய அழுத்துதுன்னா நேரம் ரொம்ப கம்மி. கை கால் புதுசா பலம் குறைஞ்சாலோ, நடை தடுமாறுனாலோ, ஒண்ணுக்கு போக முடியலன்னாலோ, கட்டுப்பாடு இல்லாம போனாலோ அதுவும் அன்னைக்கே காட்டணும். 100.4 டிகிரிக்கு மேல காய்ச்சல், தையல்ல சீழ், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்குறது, இதுக்கும் அப்படித்தான்.

தோள்பட்டை நடுவுல வலி ஏன்னா, டிஸ்க் இருந்த இடத்துல கேஜ்னு ஒரு சின்ன தாங்கிய வெச்சு கொஞ்சம் தூக்கி நிறுத்துறாங்க, அதுல பின்னாடி மூட்டும் தசையும் இழுபடுது. சில வாரம் இருக்கும். விரல்ல மரமரப்பு இருந்தா அதுதான் கடைசியா போகும், மாசக்கணக்குல கூட ஆகலாம். வலிக்கு டாக்டர் எழுதுன மாத்திரை மட்டும் குடுங்க, மெடிக்கல்ல கேட்டு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்காதீங்க, டிஸ்க் எடுத்த இடத்துல மேல கீழ எலும்பு ஒண்ணா கூடுறத அது தாமதப்படுத்தலாம்னு நிறைய சர்ஜன் வேணாம்பாங்க. டிராமடால் குடுத்திருந்தா மலச்சிக்கல் வரும், முக்கக்கூடாது, அதனால தண்ணி, பழம், தேவைப்பட்டா டாக்டர கேட்டு அதுக்கும் மருந்து.

சுளுக்கு வழிக்கிறவங்க, எண்ணெய் போட்டு உருவுறவங்க யார் நல்ல மனசோட வந்தாலும் கழுத்துல கை வெக்க விடாதீங்க, இத கெஞ்சியே கேக்குறேன். தையல் மேல மஞ்சளும் வேணாம்.

நாள் முழுக்க படுக்க வெக்காதீங்க, அது நுரையீரலுக்கும் காலுக்கும் கெடுதல். முழிச்சிருக்கும்போது மணிக்கொரு தரம் வீட்டுக்குள்ள கொஞ்சம் நடக்கட்டும். கீழ பாய்ல படுத்து எழுறத விட கட்டில் நல்லது, எழும்போது தலையும் உடம்பும் ஒண்ணா பக்கவாட்டுல திரும்பி, கால கீழ விட்டு, கைய ஊனி எழணும், நீங்க கைய பிடிச்சு வெடுக்குன்னு இழுக்கக்கூடாது. ரெண்டு மூணு கிலோவுக்கு மேல தூக்க வேணாம், ஒரு குடம் தண்ணியே பத்து கிலோவுக்கு மேல வரும்.

குளியல், தையல் பிரிக்கிற வரைக்கும் கழுத்துக்கு கீழ மட்டும் ஊத்துங்க, டிஸ்சார்ஜ் சீட்டுல வேற மாதிரி எழுதியிருந்தா அதுபடி. தலைக்கு ஊத்துறேன்னு தலைய பின்னாடி சாய்க்காதீங்க. கழுத்துக்கு காலர் பட்டை போட்டிருந்தா அத எப்ப கழட்டலாம்ன்றது சர்ஜனுக்கு சர்ஜன் மாறும், அத அவங்க கிட்டயே கேளுங்க. நம்ம ஊரு வெயில்ல உள்ள வேர்த்து கொப்பளிக்கும், பஞ்சுத்துணிய உள்ள மடிச்சு வெச்சு ஈரமானா மாத்துங்க.

பீடி விஷயம். மடியில தட்ட வெச்சு தலைய குனிஞ்சே மணிக்கணக்கா உக்கார்றது இப்ப கூடவே கூடாது. எலும்பு ஒண்ணா சேர மூணு மாசமாவது, சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். ஆறு வாரத்துல எக்ஸ்ரே பாப்பாங்க, அப்ப கேட்டுட்டுதான் எதுவும். அம்மா வெத்தலையோட புகையிலை போடுற பழக்கம் இருந்தா இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, நிக்கோடின் எலும்பு கூடுறத கெடுக்கும், வீட்ல யாராவது பீடி பிடிச்சா வெளிய போய் பிடிக்கட்டும். அப்புறம் டாக்டர் சரின்னு சொன்னாலும் தட்ட மேஜை மேல மார்பு உயரத்துக்கு வெச்சு, நாற்காலியில சாஞ்சு உக்காந்து, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவ எழுந்து நடந்துட்டு வந்து சுத்தட்டும், ஏஜென்ட் கிட்ட கொஞ்ச நாளைக்கு இலையும் தூளும் கம்மியா எடுத்துக்குறோம்னு நீங்களே போய் பேசிடுங்க, அம்மா பேச மாட்டாங்க.