Re: அர்ஜென்டினா என்று தேடினால் மீன் வருகிறது

உங்கள் பட்டியலில் பிழை இல்லை. நாட்டுக்காகத் தேடியபோது வந்த அந்த மீன் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். அர்ஜென்டினா என்பது ஒரு மீன் பேரினத்தின் (நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியின்) பெயரும்கூட. 1758-இல் சுவீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் வைத்தது. வெள்ளியைக் குறிக்கும் ‘அர்ஜென்டம்’ என்ற லத்தீன் சொல்தான் நாடு, மீன் இரண்டின் பெயருக்கும் வேர். மீனுக்கு அந்தப் பெயர் வந்தது அதன் வெள்ளி மினுமினுப்பால். நாட்டின் பெயரால் மீனுக்குப் பெயர் வரவில்லை. பலரும் தடுமாறும் இடம் இது. போதாக்குறைக்கு ரோஜாக் குடும்பத்தில் ஒரு செடிப் பேரினத்துக்கும் இதே பெயர். விலங்கியல், தாவரவியல் பெயர் விதிகள் தனித்தனி என்பதால் இரண்டும் செல்லும். ஊர்ப் பெயர்களோ இந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவை அல்ல.

கேனரிப் பறவையின் கதை வேறு. அங்கே கேனரித் தீவின் பெயர்தான் பறவைக்குப் போனது: அதன் அறிவியல் பெயர் செரினஸ் கனாரியா. தீவின் பெயரிலோ லத்தீன் ‘கேனிஸ்’, அதாவது நாய் இருக்கிறது என்று பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். நாயிலிருந்து தீவு, தீவிலிருந்து குருவி!

பெயரை மட்டும் வைத்துப் பிரிக்க முயன்றால் தலைவலிதான். ‘வகை’ என்று தனி நெடுவரிசை சேர்த்து, நாடு, விலங்கு, தாவரம் என்று குறியுங்கள். உயிரினம் என்றால் பேரினப் பெயரும் இனப் பெயரும் சேர்ந்த இரட்டைப் பெயரை முழுதாக எழுதுங்கள்: அர்ஜென்டினா ஸ்ஃபைரீனா என்றால் மீன், அர்ஜென்டினா ஆன்செரினா என்றால் செடி.