1973 போர்ஷே 911 காரெரா ஆர்எஸ் 2.7: டூரிங் வாங்குவதா, ஸ்போர்ட் வாங்குவதா?

ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால், தயங்காமல் டூரிங்கை எடுங்கள்.

இரண்டிலும் இன்ஜின் ஒன்றுதான்: 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 210 குதிரைத்திறன். வாத்தின் வால்போல நிமிர்ந்த பின்புற ஸ்பாய்லரும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு எடையில் இருக்கிறது. ஸ்போர்ட் சுமார் 960 கிலோ, டூரிங் 1,075 கிலோ. குறைந்த 115 கிலோ எங்கே போனது என்பது ஸ்போர்ட்டின் கதவைத் திறந்தாலே தெரிந்துவிடும். உள்ளே வழக்கமான கைப்பிடிக்குப் பதிலாக ஒரு நாடா தொங்குகிறது. அதைப் பிடித்து இழுத்தால் கதவு திறக்கும். பின் இருக்கை இல்லை, கடிகாரம் இல்லை. கண்ணாடிகூட மெல்லியதுதான். இத்தனை உரித்தெடுத்தும் 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவதில் கிடைக்கும் லாபம் அரை நொடி: ஸ்போர்ட்டுக்கு 5.8, டூரிங்குக்கு 6.3.

பந்தயத் தளத்தில் அந்த அரை நொடி பெரிது. நாள் முழுக்க மலைச்சாலையில் போகிறவருக்கு இரைச்சல் குறைந்த உட்புறமே பெரிது. திருப்பங்களில் இந்தக் கார் தரும் இன்பம் டூரிங்கிலும் அப்படியே இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்போர்ட்தான் வேண்டும் என்றால் ஓர் எச்சரிக்கை. மொத்தம் 1,580 கார்களில் ஸ்போர்ட் 200 மட்டுமே. அதனால் விலை மிக அதிகம். டூரிங்கை உரித்து ஸ்போர்ட் என்று விற்க முடியும். தொழிற்சாலை ஆவணத்தில் எம்471 என்ற குறியீடு இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். டூரிங்கின் குறியீடு எம்472.