உபுண்டுவுக்குள் கே.வி.எம். ஓடவில்லையா? லேப்டாப்பை விற்காதீர்கள்

கேள்வி: விண்டோஸ் 11, 10-ஆம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம். விர்ச்சுவல்பாக்ஸில் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருள்) உபுண்டு லினக்ஸ் போட்டு, கல்லூரி ப்ராஜெக்ட்டுக்காக அதற்குள் கே.வி.எம். (லினக்ஸில் அதே வேலையைச் செய்வது) ஓட்டப் பார்த்தால் முடியாது என்கிறது. தருமபுரியில் ஒரு கடைக்காரர் இந்த லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு செகண்ட் ஹேண்ட் ஐ7 எடுக்கச் சொல்கிறார். எடுக்கலாமா?
— வாசகர், பென்னாகரம்

பதில்: வேண்டாம். கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் ஓட்டத் தேவையான இன்டெலின் விடி-எக்ஸ் வசதி உங்கள் ப்ராசசரில் இருக்கிறது. அதை விர்ச்சுவல்பாக்ஸ் உபுண்டுவுக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். உபுண்டுவை முழுதாக ஷட்டவுன் செய்து, விர்ச்சுவல்பாக்ஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ப்ராசசர் பக்கம் போய் 'நெஸ்டட் விடி-எக்ஸ்' கட்டத்தை டிக் செய்யுங்கள். பிறகு உபுண்டு டெர்மினலில் எல்எஸ்சிபியு (lscpu, ப்ராசசர் விவரம் காட்டும் கட்டளை) அடித்தால் விடி-எக்ஸ் என்று ஒரு வரி வர வேண்டும்.

அந்த ஐ7 எத்தனையாவது தலைமுறை என்று கேட்டீர்களா? விர்ச்சுவல்பாக்ஸ் இந்த வசதியை இன்டெலுக்குக் கொடுத்ததே 2019-ல் வந்த 6.1 பதிப்பில்தான், அதுவும் 5-ஆம் தலைமுறை முதல்தான். கம்பெனிகள் கழித்துக்கட்டிய 4-ஆம் தலைமுறை ஐ7-ஐ ஸ்டிக்கரைக் காட்டியே தலையில் கட்டுபவர்கள் உண்டு. அதை வாங்கினால் உள்ளதும் போகும்.

டிக் செய்தும் வரவில்லையென்றால், உபுண்டு ஓடும் சன்னலின் கீழ் மூலையைப் பாருங்கள். பச்சை ஆமை தெரிகிறதா? அப்படியானால் விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் வசதியான ஹைப்பர்-வி விடி-எக்ஸை முன்பே பிடித்துக்கொண்டது. நீங்கள் கேட்காமலேயே இது நடந்திருக்கும். பல புது விண்டோஸ் 11-களில், ஹைப்பர்-வியைப் பயன்படுத்தும் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி தானாகவே ஆன் ஆகி வருகிறது. டிவைஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசொலேஷனுக்குள் போய் அதை அணையுங்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் இரண்டின் டிக்கையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 அதன்பின் ஓடாது. பாதுகாப்பும் ஒரு படி குறையும். ப்ராஜெக்ட் முடிந்ததும் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

கல்லூரி லேபிலேயே இதைச் செய்திருக்கலாம். சிலபஸில் விர்ச்சுவலைசேஷன் இருக்கும். விடி-எக்ஸை ஆன் செய்யும் இடமான லேப் மெஷினின் பயாஸோ பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கும், சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியாது. இதனால்தான் பிள்ளைகள் மாதவாடகைக்கு மலிவு விபிஎஸ் (இணையம் வழியே வாடகைக்குக் கிடைக்கும் விர்ச்சுவல் கம்ப்யூட்டர்) தேடிப் போகிறார்கள். விற்பவர் 'ஃபுல் ரூட் அக்சஸ்' (முழு நிர்வாக உரிமை) என்பார். ரூட் இருந்தாலும் உள்ளேயிருந்து விடி-எக்ஸை வரவழைக்க முடியாது; வெளியே ஹோஸ்ட்டை, அதாவது விபிஎஸ்ஸை ஓட்டும் நிஜ மெஷினை, வைத்திருப்பவர்தான் திறந்துவிட வேண்டும். விற்பவரின் விபிஎஸ்ஸில் எல்எஸ்சிபியு ஓட்டிய ஸ்கிரீன்ஷாட்டைக் கேளுங்கள். அந்த ஒரு வரி (ஏஎம்டி ப்ராசசர் என்றால் ஏஎம்டி-வி என்று வரும்) அதில் இல்லையென்றால் பணம் அனுப்பாதீர்கள்.