விட்டுப்போன இரண்டு வருடம்

அன்புள்ள ஐயா,

ஆப்கானிஸ்தானில் தன் வீரர்கள் செய்த கொலைகளை ஆஸ்திரேலிய ராணுவம் தானே வெளியிட்டதைப் பாராட்டி எழுதியிருந்தீர்கள். என் அப்பா மெட்ராஸ் ரெஜிமென்டில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி இப்போது எல்லையில் இருக்கிறான். தப்பு செய்தவனைத் தண்டிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அதற்குத்தான் கோர்ட் மார்ஷல் இருக்கிறதே. ஆனால் அதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டுமா? வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கொடுத்தது போல ஆகாதா? குளிரில் நிற்கும் என் தம்பியையும் சேர்த்துத்தானே நாளைக்குப் பேசுவார்கள்?

ஒரு வாசகி, கேத்தி (நீலகிரி)

அன்புள்ள வாசகிக்கு,

தம்பியைப் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அதே கவலையால்தான் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

வெலிங்டன் பாய்ஸ் கம்பெனி ஸ்டாப் பக்கத்து டீக்கடைக்கு ஒரு ஓய்வுபெற்ற ஹவில்தார் வருவார். வர்க்கியை டீயில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போடுவதில் கெட்டிக்காரர். எங்கெல்லாம் இருந்தீர்கள் என்று யாராவது கேட்டால் விரல்விட்டு எண்ணுவார்: ஜம்மு, திமாப்பூர், பட்டிண்டா, செகந்திராபாத். கூட்டிப் பார்த்தால் சர்வீஸில் இரண்டு வருடம் உதைக்கும். ஒரு மழை நாளில் அவரே சொன்னார். இலங்கைக்கு அனுப்பப்பட்ட இந்திய அமைதிப்படையில் யாழ்ப்பாணம் போயிருக்கிறார். பலாலியில் இறங்கியது, கண்ணிவெடியில் கூட்டாளி போனது எல்லாம் சொல்லிவிட்டு, "ஆஸ்பத்திரிப் பக்கமே நான் போகல சார். சொன்னா யாரு நம்புவாங்க?" என்றார். நான் ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

1987 அக்டோபர் 21, தீபாவளி. அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை புகுந்து சுட்டது. மறுநாளும் அது ஓயவில்லை. நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள் என்று 60 பேருக்கு மேல் செத்தார்கள். சண்டையில் இடையில் அகப்பட்டவர்கள் என்பது ராணுவத் தரப்பு விளக்கம். பிணங்களுக்கு நடுவே படுத்துத் தப்பிய ஊழியர்கள் சொன்னது வேறு. எந்தப் பிரிவு, யார் உத்தரவு என்று சொல்லும் விசாரணை அறிக்கை எதுவும் மக்கள் கைக்கு வரவில்லை.

சரி, யாரிடமிருந்து மறைத்தோம்? யாழ்ப்பாணத்துக்காரர்களுக்கு அன்றைக்கே தெரியும். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் அங்கிருந்து வந்து நம் டேன்டீ அரசுத் தேயிலைத் தோட்ட லைன்களில் இருப்பவர்களுக்கும் காதுக்குக் காது தெரியும். அவல் அவர்கள் வாயில் எப்போதோ விழுந்துவிட்டது. மிஞ்சியது அந்த ஹவில்தார்தான். இன்னார் செய்தார்கள் என்று ராணுவம் சொல்லியிருந்தால், இவர் செய்யவில்லை என்பதும் அதோடு சேர்ந்து தெரிந்திருக்கும். சொல்லாததால் போனவர் அத்தனை பேர் மேலும் சந்தேகம் ஒட்டிக்கொண்டது.

கோர்ட் மார்ஷல் உண்டே என்கிறீர்கள். உண்டு, ஆனால் முடிவு வெளியே தெரிய வேண்டும். 2020 ஜூலையில் காஷ்மீரில் அம்ஷிபோரா என்ற இடத்தில் மூன்று தீவிரவாதிகளைக் கொன்றதாக ராணுவம் அறிவித்தது. அவர்கள் ரஜௌரியிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள் என்று குடும்பத்தார் படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். செப்டம்பரில் ராணுவமே, நம் ஆட்கள் அதிகாரத்தை மீறியதாகத் தெரிகிறது என்று அறிவித்தது. ஒரு கேப்டனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. (2023 நவம்பரில் ராணுவத்தினருக்கான தீர்ப்பாயம் அதை நிறுத்திவைத்து ஜாமீன் கொடுத்துவிட்டது. அது தனி ஆதங்கம்.) அந்த அறிவிப்புக்குப் பிறகு, காஷ்மீரில் இருந்தேன் என்று சொல்ல இங்கே யாரும் கூசி நான் பார்க்கவில்லை.

மறைப்பதில் இன்னொரு கேடு, நல்லது செய்தவனும் மறைந்துபோகிறான். 1968இல் வியட்நாமின் மை லாய் கிராமத்தில் அமெரிக்கப் படை ஊராரைச் சுட்டுத் தள்ளியபோது, ஹ்யூ தாம்சன் என்ற விமானி ஹெலிகாப்டரை நடுவில் இறக்கி, எஞ்சிய சிலரைக் காப்பாற்றினார். அதற்கான பதக்கம் அவர் சட்டைக்கு வந்தது 1998இல். முப்பது வருடம்!

ஆனால் உங்கள் பயத்துக்கு ஆஸ்திரேலியாவிலேயே ஆதாரம் இருக்கிறது, அதை நான் அந்தக் கட்டுரையில் எழுதாமல் விட்டது தவறு. 39 பேர் கொல்லப்பட்டதையும் 25 வீரர்களுக்கு அதில் தொடர்பிருப்பதையும் சொன்ன பிரெரட்டன் அறிக்கையை, பெயர்களை மறைத்து, 2020 நவம்பரில் முப்படைத் தளபதி ஆங்கஸ் கேம்பெல் வெளியிட்டார். ஆப்கன் மக்களிடம் மன்னிப்பும் கேட்டார். வழக்கு நடக்கும்வரை பெயரை மறைப்பது சரிதான். ஆனால் அதே மூச்சில், அங்கே பணியாற்றிய மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கூட்டு விருதைப் பறிக்க வேண்டும் என்றார். நாலு பேர் திருடினால் ஊருக்கே அபராதம் போடும் பஞ்சாயத்து இது. அரசு தடுத்தது, நல்லவேளை. ராணுவ ஆவணங்களைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்த வழக்கறிஞர் டேவிட் மெக்பிரைடை 2024இல் சிறைக்கு அனுப்பியதும் அதே நாடுதான். ஆகவே அவர்களைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டாம். தானே முன்வந்து சொன்ன அந்த ஒரு காரியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். 87இல் அவர் எங்கே இருந்தார் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்கலாம்.