முன்னால் உள்ள வசனத்தையும் படியுங்கள்: மறைக்கல்வி டீச்சரிடம் தவக்காலக் கேள்விகள்

புதுச்சேரி நெல்லித்தோப்புப் பக்கம் முப்பது வருடத்துக்கு மேல் ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவள் நான். ஈஸ்டருக்கு முந்தின நோன்புக் காலமான தவக்காலம் வருகிறதே, மனதில் கிடக்கிற கேள்விகளை எழுதி அனுப்புங்கள் என்று சொல்லியிருந்தேன். கடலூர்ப் பக்கமிருந்துதான் அதிகம் வந்தன. வேதம் படித்த அளவிலும் வாழ்ந்து பார்த்த அளவிலும் பதில் எழுதுகிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு தாய்: மரியே வாழ்க டீச்சர். புத்தாண்டு ராத்திரிப் பூசையில் வசன அட்டை எடுத்தேன். எரேமியா 29:11. வளமான எதிர்காலம் தருவேன் என்று இருந்தது. மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்து தினமும் ஜெபித்தேன். அடுத்த மாதமே மகனுக்கு வேலை போய்விட்டது. அந்த வசனம் எனக்கு வந்தது இல்லையா?

உங்களுக்கு வந்ததுதான் அம்மா. ஆனால் அட்டையில் ஒரு வரிதான் அச்சாகியிருக்கிறது. 28-ஆம் அதிகாரத்திலிருந்து படித்துப் பாருங்கள். அனனியா என்று ஒருவன், இரண்டே வருடத்தில் பாபிலோன் அரசனின் நுகம் முறியும், கொண்டுபோனதெல்லாம் திரும்பி வரும் என்று கோயிலில் நின்று சொல்கிறான். மக்கள் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான். அவன் சொல்வது பொய் என்கிறார் எரேமியா. பிறகு, ஏற்கெனவே பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். உங்கள் அட்டையில் இருப்பது அந்தக் கடிதத்தில் வரும் வரி. அதற்கு முந்தின வசனத்தில், ஊர் திரும்ப எழுபது ஆண்டு ஆகும் என்று இருக்கிறது. அந்தக் கடிதம் வாசிக்கக் கேட்ட பெரியவர்கள் பாதிப்பேருக்கு மேல் ஊர் திரும்பாமலே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்குத்தான் ஆண்டவர் இந்த வாக்கைக் கொடுத்தார்.

அப்படியானால் அதுவரை என்ன செய்வது? 5 முதல் 7 வரை படியுங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்யுங்கள், இப்போது இருக்கிற அந்த அந்நிய ஊருக்காகவே மன்றாடுங்கள். இதை உங்கள் மகனோடு உட்கார்ந்து சத்தமாகப் படியுங்கள். வேலை போன பிள்ளைக்கு, வீட்டில் எல்லோரும் தன்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதுதான் பெரிய வேதனை. அட்டையை எடுக்க வேண்டாம். அது இருக்கட்டும், பக்கத்தில் விவிலியத்தையும் திறந்து வையுங்கள்.

வசனத்தைத் தனியாகக் கிள்ளி எடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு லூக்கா 4:10-11 ஒன்றே போதும். திருப்பாடல் 91-ஐ அங்கே இயேசுவிடம் ஒப்பிப்பது அலகை, அதாவது சாத்தான்.

கடலூர் முதுநகர்: நாங்கள் கடல் தொழில் செய்கிறவர்கள். சுத்தபோசனம் என்றால் எங்களுக்கு மீன்தான். அதிலும் வெள்ளிக்கிழமை வஞ்சிரம் கிடைத்தால் விடமாட்டோம். தப்பா?

சட்டப்படி தப்பில்லை. சுத்தபோசனம் ஆடு, மாடு, கோழி மாதிரியான இறைச்சியைத்தான் விலக்குகிறது. பதினான்கு வயது முடிந்தவர்களுக்கு அது கடமை. சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் பதினெட்டு முதல் ஐம்பத்தொன்பது வரை ஒருசந்தியும், அதாவது ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, உண்டு. ஆனால் உங்களுக்கே மனது உறுத்தப் போய்த்தானே கேட்கிறீர்கள்? அந்த உறுத்தல் நல்லது. அன்றைக்கு வஞ்சிரத்தை விற்றுவிட்டு நெத்திலியோ கீரையோ வையுங்கள். மிச்சக் காசு யாருக்கு என்பதை எசாயா 58:7 சொல்கிறது: பசித்தவரோடு உணவைப் பகிர்வது. பக்கத்து வீட்டில் படகு இறங்காத குடும்பம் ஒன்று இருக்கும்.

முத்தியால்பேட்டை: கூட வேலை செய்கிற சிஎஸ்ஐ (புராட்டஸ்டன்ட் சபை) நண்பர், உங்கள் பைபிளில் மட்டும் ஏன் கூடுதல் புத்தகம் என்கிறார்.

அவர்களுக்கு 66, நமக்கு 73. தோபித்து, யூதித்து, சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு, மக்கபேயர் இரண்டு. எஸ்தர், தானியேல் நூல்களில் சில பகுதிகளும் உண்டு. ஆதித் திருச்சபை பெரும்பாலும் பயன்படுத்திய கிரேக்கப் பழைய ஏற்பாட்டில் இவை இருந்தன. 1546-இல் ஆயர்கள் கூடிய திரிதெந்தின் பொதுச்சங்கம் உறுதிசெய்தது, புதிதாகச் சேர்க்கவில்லை. நண்பரோடு வாதாட வேண்டாம், தோபித்து நூலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பதினான்கே அதிகாரம், கதை மாதிரிப் போகும்.

அரியாங்குப்பம்: செபமாலை சொல்லும்போது மூன்றாம் பத்து மணியிலேயே தூங்கிவிடுகிறேன். பாவமா?

இல்லை. பகலெல்லாம் உழைத்த உடம்பு. ஐம்பத்து மூன்று மணியை ஓட்டி முடிப்பதைவிட ஒரே ஒரு பத்து மணியை முழித்திருந்து சொல்லுங்கள். என் பாட்டி ‘அருள் நிறைந்த மரியே’ என்பதை “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே” என்று பழைய பாஷையில்தான் கடைசிவரை சொன்னாள். பாதியில் தூங்குவாள், விடியற்காலை எழுந்து விட்ட மணியிலிருந்து தொடருவாள்.

மஞ்சக்குப்பம்: பாகப்பிரிவினையில் அண்ணன் ஏமாற்றிவிட்டார். ஆறு வருடமாகப் பேச்சில்லை. என் மேல் தப்பில்லை. பூசையில் நன்மை (நற்கருணை) வாங்கலாமா?

இதை எழுதவே மனம் கனத்திருக்கும் தம்பி. மத்தேயு 5:23-24 உங்களுக்குத் தெரியும், காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டுப் போய் முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள். ஆனால் அந்த வசனத்தை மெதுவாகப் படியுங்கள். உனக்கு அவன்மேல் மனத்தாங்கல் இருந்தால் என்று இயேசு சொல்லவில்லை. அவனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால் என்கிறார். யார் தப்பு என்ற கணக்கையே அவர் எடுக்கவில்லை. நடக்க வேண்டியவன், நினைவு வந்தவன்.

எனக்கும் என் அக்காவுக்கும் ஒரு நகை விஷயத்தில் நான்கு வருடம் பேச்சில்லை. நியாயம் என் பக்கம்தான், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். போய் நின்றேன். முதல் தடவை காபிகூடத் தரவில்லை.

உரோமையர் 12:18-இல் பவுல், உங்களால் முடிந்த அளவுக்குச் சமாதானமாக இருங்கள் என்கிறார். அண்ணன் கதவைத் திறக்காவிட்டால் அது உங்கள் பொறுப்பில்லை. பங்கை விட்டுக்கொடுங்கள் என்றும் சொல்லவில்லை, வழக்கு இருந்தால் நடக்கட்டும். நன்மை வாங்குவது பற்றி, முதலில் பாவசங்கீர்த்தனம் செய்து குருவானவரிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள். ஈஸ்டருக்குள் ஒருதரம் அண்ணன் வீட்டு வாசலுக்குப் போங்கள்.

வில்லியனூர்: என் மனைவி இந்து. லூர்து மாதா கோயில் குளத்துக்கு அவளும் வந்து வேண்டலாமா?

தாராளமாக. 1877-இலிருந்து அந்த மாதாவிடம் யாரும் ஞானஸ்நானச் சான்றிதழ் காட்டிவிட்டு அழுததில்லை.

பண்ருட்டிப் பக்கம், கல்லூரி மாணவன்: எங்கள் கிராமக் கல்லறையில் இன்னும் சாதிக்கு ஒரு பக்கம். பெரியவர்கள் பழைய வழக்கம் என்கிறார்கள்.

பழைய வழக்கம்தான், பழைய பாவம். புதுச்சேரிப் பேராலயமான சம்பா கோயிலில், இப்போதைய 1791 கட்டடத்துக்கு முன்பிருந்த கோயிலுக்குள்ளேயே, சாதி பிரிக்கும் சுவர் நின்றது. 1745-இல் அது இடிக்கப்பட்டதை, கிறிஸ்தவரல்லாத ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இருநூற்று எழுபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் நீ இதைக் கேட்க வேண்டியிருப்பது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

யாக்கோபு 2:2-4 எடுத்துக்கொண்டு பங்குப் பேரவைக்குப் போ. பொன் மோதிரக்காரனுக்கு நல்ல இடம், ஏழைக்கு “அங்கே நில்” என்று சொன்னால் நீங்கள் தீய எண்ணத்தோடு தீர்ப்பிடுபவர்கள் என்கிறார் யாக்கோபு. தோபித்து நூலில் வரும் தோபித்து, அரசனின் கோபத்துக்கும் பயப்படாமல் பிணங்களை அடக்கம் செய்தார். அடக்கம் செய்வது இரக்கச் செயல். அதில் வேலி போட்டால் இரக்கம் எங்கே? தனியாகப் போகாதே, நான்கு பேரைச் சேர்த்துக்கொள். கத்தாதே. ஆனால் அடுத்த கூட்டத்திலும் கேள், அதற்கடுத்ததிலும் கேள்.

கடலூர், பெயர் வேண்டாம் என்றவர்: சுனாமியில் என் இரண்டு பிள்ளைகளும் போய்விட்டார்கள். பாவத்துக்குத் தண்டனை என்று அப்போது ஒருவர் ஜெபக் கூட்டத்தில் சொன்னார். இன்னும் அது காதில் இருக்கிறது.

தங்கச்சி, அவர் சொன்னது பொய். சிலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசுவே கேட்டு, இல்லை என்றும் சொன்னார். லூக்கா 13:4-5. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போனார்கள். எத்தனை குழந்தைகள்.

2004 டிசம்பர் 26 ஞாயிறு, திருக்குடும்ப விழா. அன்றைய நற்செய்தி, யோசேப்பு குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடும் பகுதி. பூசையில் வாசிக்கும்போது நடுவில் மூன்று வசனம் விட்டுவிடுவார்கள். விட்ட இடத்தில்தான் ஏரோது அரசன் கையால் பெத்லகேம் குழந்தைகள் சாகிறார்கள், இஸ்ரயேலின் தாயான இராகேல் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள். அன்று காலை அந்த மூன்று வசனமும் நம் கரையில் நடந்தன. மத்தேயு இராகேலிடம் அழாதே என்று சொல்லவில்லை. ஏன் என்பதற்கு விளக்கமும் எழுதவில்லை. அவள் அழுததை எழுதி வைத்தார். உங்கள் அழுகைக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது, யாரும் அதைத் துடைத்துவிட அவசரப்பட வேண்டாம்.

வருடாவருடம் அந்த நாளில் கரையில் பால் ஊற்றுகிறார்கள். இத்தனை வருடமும் நீங்கள் அங்கே போகவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்த வருடம் போக மனமிருந்தால் சொல்லுங்கள். முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன், கூட நிற்கிறேன்.